தோட்டாவும் தாளும் – 11: ஒரு தேதியின் பெயர்

கொனாக்ரியின் பெரிய விளையாட்டரங்குக்குத் தலைவர் பெயரும் இல்லை, ஆட்டக்காரர் பெயரும் இல்லை. ஒரு தேதிதான் அதன் பெயர்: செப்டம்பர் 28.

1958இல் அந்த நாளில் கினி மக்கள் பிரான்சுக்கு ‘வேண்டாம்’ என்று வாக்களித்தார்கள். என் குடைக்கீழ் ஒரு கூட்டுச் சமூகமாக இருந்துகொள்ளுங்கள் என்று ஷார்ல் தெ கோல் தம் ஆப்பிரிக்கக் காலனிகளிடம் கேட்ட வாக்கெடுப்பு அது. மற்றவை எல்லாம் சரி என்று தலையாட்ட, கினி மட்டும் 95 விழுக்காட்டுக்கு மேல் மறுத்தது. நான்காம் நாள், அக்டோபர் 2இல், சுதந்திரம். கோபத்தோடு மூட்டை கட்டிய பிரெஞ்சு அதிகாரிகள் கோப்புகளைக் கொளுத்தினார்கள், தொலைபேசிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். மின்விளக்கைக்கூட விட்டுவைக்கவில்லை என்பது தலைமுறை தாண்டி வரும் பேச்சு. அந்தப் பெருமிதம்தான் அரங்கத்துக்குப் பெயரானது. அதே தேதியில், அதே அரங்கத்தில், 51 ஆண்டுகள் கழித்து நடந்ததை இந்த வாரம் சொல்ல வேண்டும்.

சென்ற வாரம் தென்னாப்பிரிக்காவின் ஷார்ப்வில்லில் நின்றோம். 69 பேரைச் சுட்டுக் கொன்ற 11ஆம் நாள் பாதுகாப்புச் சபை கண்டனத் தீர்மானம் போட்டது. பிரிட்டனும் பிரான்சும் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. சுட்ட காவலர் ஒருவரும் தண்டிக்கப்படவில்லை. கினியின் கதையிலோ நாட்டை ஆண்டவரே கூண்டில் ஏறினார். இடையில் என்ன மாறியது? ஹேக் நகரில் பன்னாட்டுக் குற்றவியல் நீதிமன்றம் வந்துவிட்டது என்பது சட்டென்று வாயில் வரும் விடை. ஆனால் அந்த நீதிமன்றம் கினியைப் பற்றி ஒரு வழக்கும் தொடுக்கவில்லை, ஒருவரையும் பிடிக்கவில்லை. வராமலே வேலை செய்தது. அது எப்படி என்பதுதான் எனக்குச் சுவையான கேள்வி.

முதல் ஐம்பது ஆண்டுகளை வேகமாகக் கடந்துவிடலாம். செக்கூ தூரே 26 ஆண்டுகள் ஆண்டார். விடுதலைக் கனவு போயிரோ முகாம் என்ற சிறையில் போய் முடிந்தது. சோறும் தண்ணீரும் கொடுக்காமல் அறையில் பூட்டிச் சாகவிடுவதற்கு அங்கே ‘கறுப்புப் பத்தியம்’ என்று பெயர். ஆப்பிரிக்க ஒற்றுமை அமைப்பின் முதல் பொதுச்செயலாளராக இருந்த தியால்லோ தெல்லியே 1977இல் அப்படித்தான் செத்தார். 1984இல் தூரே இறந்த கையோடு ராணுவத்திலிருந்து லான்சானா கொந்தே வந்தார். அவர் 24 ஆண்டுகள். 2007 தொடக்கத்தில் தொழிற்சங்கங்கள் பொது வேலைநிறுத்தத்தில் இறங்கியபோது அவருடைய படைகள் 130க்கும் மேற்பட்டோரைக் கொன்றன. விசாரிப்போம் என்றார்கள். விசாரிக்கவில்லை. இரண்டு வருடம் கழித்து அரங்கத்துக்குள் நுழைந்த சிப்பாய்களின் மனதில் இந்த ஞாபகம் இல்லாமல் இருந்திருக்குமா?

2008 டிசம்பர் 22 இரவு கொந்தே இறந்தார். மறுநாள் காலை வானொலியில் ஒரு புதுப் பெயர் ஒலித்தது: கேப்டன் மூசா தாதிஸ் கமாரா. ராணுவத்தின் எரிபொருள் பிரிவைப் பார்த்துக்கொண்டிருந்தவர். ஊழலை ஒழிப்பேன், தேர்தல் நடத்துவேன், நான் நிற்க மாட்டேன் என்றார். முதலில் ஜனங்களுக்கு அவரைப் பிடித்துத்தான் போனது. அமைச்சர்களையும் அதிகாரிகளையும் தொலைக்காட்சி கேமரா முன் நிற்கவைத்து வாங்கு வாங்கென்று வாங்குவார்; இரவு நெடுநேரம் ஓடும் அந்த நிகழ்ச்சிகளுக்கு ஊரே ‘தாதிஸ் ஷோ’ என்று பெயர் வைத்தது. சில மாதம் போனதும் ‘நிற்க மாட்டேன்’ என்ற சொல் மெல்ல இளகத் தொடங்கியது. அதைக் கேட்டுத்தான் எதிர்க்கட்சிகளும் சங்கங்களும் ஒன்றுகூடி, நாட்டின் பெருமைக்குரிய அந்தத் தேதியிலேயே, அந்த அரங்கத்திலேயே கூட்டம் என்று அறிவித்தன.

2009 செப்டம்பர் 28, திங்கட்கிழமை, விடுமுறை நாள். கூட்டத்துக்குத் தடை என்று அரசு சொல்லியிருந்தும் காலையிலிருந்தே புறநகர்களிலிருந்து நடந்து வந்தார்கள். வழியில் கண்ணீர்ப்புகை வீசி மறித்தும் அரங்கம் நிறைந்துவிட்டது. அதன் கொள்ளளவு 25,000 என்பார்கள். மைதானத்துப் புல்லில் பாட்டும் ஆட்டமும். சிலர் அங்கேயே தொழுதார்கள். கையில் ஆயுதம் இல்லை. செலூ தலேன் தியால்லோ, சித்யா தூரே, ழான்-மரி தொரே முதலிய தலைவர்கள் மேடையேறிக் கையசைத்தார்கள்.

நண்பகலை ஒட்டி, சிவப்புத் தொப்பி அணிந்த அதிபர் காவல் படை நுழைந்தது. கூடவே துணைராணுவமும் காவலரும் சீருடையில்லாத அடியாட்களும். கண்ணீர்ப்புகைக் குண்டுகளை உள்ளே வீசிவிட்டு, ஓடத் தொடங்கிய கூட்டத்தை நோக்கி நேராகச் சுட்டார்கள். வெளியேறும் வழிகளில் ஆயுதத்தோடு ஆட்கள் நின்றார்கள். சுவரேறிக் குதித்தவர்களை வெளியிலிருந்து சுட்டார்கள். தலைவர்களை மேடையிலேயே அடித்து நொறுக்கினார்கள். செலூ தலேனின் விலா எலும்புகள் முறிந்தன. பெண்களுக்கு அங்கே நடந்ததை விவரித்து எழுத என் கை வரவில்லை. பட்டப்பகலில், புல்வெளியில், நூற்றுக்கணக்கானவர் கண்ணெதிரே நடந்தது. சிலரை அங்கிருந்து தூக்கிச் சென்று வீடுகளில் பல நாள் அடைத்து வைத்திருந்தார்கள். என் தொடரில் இதுவரை சொன்ன படுகொலைகளில் கூட்டத்தைக் கலைப்பது நோக்கம் என்ற சாக்காவது இருந்தது. இங்கே கூட்டம் கலைந்து ஓடிய பிறகும் கதவை அடைத்துக்கொண்டு தொடர்ந்தார்கள்.

அடுத்த சில நாட்கள் துடைக்கும் வேலை. தொங்கா மருத்துவமனையின் பிணவறையை ராணுவம் தன் பிடிக்குள் கொண்டுவந்தது. லாரிகளில் உடல்கள் போயின. அரங்கத்தைக் கழுவினார்கள். மருத்துவமனைப் பதிவேடுகளில் கைவைத்தார்கள். அக்டோபர் 2ஆம் நாள் பைசல் மசூதியில் 57 உடல்களை வரிசையாகக் கிடத்தி, வந்து அடையாளம் காட்டுங்கள் என்றார்கள். பெரும்பாலோர் நெரிசலில் மிதிபட்டு இறந்தவர்கள் என்பது அரசின் கதை. துணியை விலக்கி விலக்கிப் பார்த்த பல குடும்பங்களுக்குத் தங்கள் பிள்ளை அந்த வரிசையில் இல்லை. தாதிஸ் வானொலியில், சிப்பாய்கள் என் பேச்சைக் கேட்கவில்லை, கட்டுப்பாடு மீறிப் போய்விட்டார்கள் என்ற பாணியில் பேசினார். இந்த ஒரு வாக்குமூலத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். 15 ஆண்டு கழித்து நீதிபதி இதற்குப் பதில் சொல்லப் போகிறார்.

இனித் தாள்களின் கதை.

இந்த முறை அவை வேகமாக வந்தன. கினி 2003இலேயே ரோம் உடன்படிக்கையில் சேர்ந்த நாடு. எனவே முதற்கட்ட ஆய்வைத் தொடங்க ஹேக் நீதிமன்றத்தின் வழக்குத்தொடுநர் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. அக்டோபர் 14இல், கினி நிலவரத்தை முதற்கட்டமாக ஆராய்கிறோம் என்று அறிவிப்பு வந்தது. அக்டோபர் 17இல் எகோவாஸ் என்ற மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் கூட்டமைப்பு ஆயுதத் தடை போட்டது. மாதக் கடைசியில் ஐரோப்பிய ஒன்றியமும் போட்டது. (அதே வாரத்தில்தான் ஐரோப்பிய ஒன்றியம் உஸ்பெகிஸ்தான் மீதிருந்த ஆயுதத் தடையை நீக்கியது. 2005இல் அந்திஜானில் மக்களைச் சுட்டதற்காகப் போட்ட தடை. அங்கே வெளியார் விசாரணைக்கு அரசு கடைசிவரை இடம் கொடுக்கவில்லை; தடை மட்டும் காலாவதியானது.) எல்லோரும் கினியை ஒதுக்கினார்கள் என்றும் நினைத்துவிடாதீர்கள். படுகொலை நடந்து சுமார் இரண்டு வாரமே ஓடியிருந்த நிலையில், ஹாங்காங்கைத் தளமாகக் கொண்ட ஒரு சீன நிறுவனத்தோடு 700 கோடி டாலர் ஒப்பந்தம் என்று சுரங்க அமைச்சர் மகிழ்ச்சியோடு அறிவித்தார். உலகிலேயே மிகப் பெரிய பாக்சைட் இருப்பு அந்த மண்ணில் இருக்கிறது. அந்த அமைச்சர் பிற்பாடு 2017இல் நியூயார்க்கில் லஞ்சப் பணத்தைக் கைமாற்றியதற்காக ஏழாண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். லஞ்சத்துக்கு அயல்நாட்டில் தீர்ப்பு வந்தபோது, அரங்கத்துக் கொலைகளுக்கு உள்நாட்டில் நீதிமன்ற விசாரணையே தொடங்கியிருக்கவில்லை.

எல்லாவற்றிலும் கனமான தாள் ஐ.நா.வுடையது. அக்டோபர் 28இல் பான் கி மூன் மூவர் ஆணையம் ஒன்றை அமைத்தார். தலைவர், பன்னாட்டு நீதிமன்றத்தின் தலைவராக இருந்த அல்ஜீரிய சட்ட அறிஞர் முகம்மது பெஜாவி. புருண்டியின் முன்னாள் அமைச்சர் பிரான்சுவாஸ் ங்கெந்தஹாயோ, மொரீசியஸ் வழக்கறிஞர் பிரமீளா பேட்டன் மற்ற இருவர். நவம்பர் 25இல் கொனாக்ரியில் இறங்கியவர்கள் டிசம்பர் 4 வரை அங்கே இருந்தார்கள். சுட்டவர்கள் இன்னும் தெருவில் துப்பாக்கியோடு திரிந்துகொண்டிருந்த ஊரில், ஏறத்தாழ 700 பேர் சாட்சி சொன்னார்கள். அந்த 700 பேரின் துணிச்சலைப் பற்றி அதிகம் யாரும் எழுதவில்லை. பெஜாவியின் புலமை பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கிறது.

டிசம்பர் 3ஆம் தேதி நடந்ததைச் சினிமாவில் வைத்தால் நம்ப மாட்டோம். ஆணையத்தார் ஊரில் இருக்கும்போதே, தாதிஸின் நிழலாக இருந்த மெய்க்காப்பாளர் தளபதி, லெப்டினன்ட் அபூபக்கர் தியாக்கித்தே, கூந்தாரா முகாமில் வைத்து அதிபரின் தலையில் சுட்டார். ‘தூம்பா’ என்றால்தான் ஊருக்குத் தெரியும் அவரை. அரங்கத்துக்குச் சிவப்புத் தொப்பிகளோடு போனவர். ஏன் சுட்டீர்கள் என்று கேட்டதற்குப் பின்னாளில் அவர் சொன்ன காரணம்: மொத்தப் பழியையும் என் தலையில் கட்டப் பார்த்தார்கள். அதாவது, யார் உத்தரவிட்டது என்ற கேள்வியோடு மூன்று பேர் நோட்டும் பேனாவுமாக வந்து ஓர் ஓட்டலில் உட்கார்ந்ததும், கொலைகாரர்களுக்குள் கணக்குத் தீர்க்கும் சண்டை வந்துவிட்டது. ஐம்பதாண்டு காலம் கினியில் எந்த எதிர்க்கட்சியாலும் முடியாததை அந்தக் கேள்வி செய்தது என்றுதான் நான் நினைக்கிறேன். தாதிஸ் பிழைத்தார். மொராக்கோவுக்குச் சிகிச்சைக்குப் போனவர் பிறகு புர்கினா ஃபாசோவில் தங்கிவிட்டார். நாட்டுக்கு ஆளத் திரும்பவில்லை. ஓராண்டுக்குள் தேர்தல் நடந்தது.

படுகொலைக்கு மூன்று மாதம் நிறைவதற்குள் ஆணையத்தின் அறிக்கை வந்தது. இறந்தவர்களும் காணாமல் போனவர்களும் குறைந்தது 156 பேர். அந்த எண்ணை அவர்கள் பிரித்துக் காட்டிய விதம் முக்கியம்: குடும்பத்தாரிடம் உடல் கிடைத்தவர்கள் 67 பேர், அரங்கத்திலோ பிணவறையிலோ இறந்து கிடந்ததைக் கண்ட சாட்சி இருந்தும் உடல் மறைந்துபோனவர்கள் 40 பேர், ஒரு தடயமும் இல்லாதவர்கள் 49 பேர். பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களும் சிறுமிகளும் குறைந்தது 109 பேர். நடந்தது மானுடத்துக்கு எதிரான குற்றம் என்று கருத இடமுண்டு என்றும், தாதிஸ், தூம்பா, துணைராணுவ அதிகாரி மூசா தியெக்போரோ கமாரா ஆகியோர் தனிப்பட்ட முறையில் பொறுப்பாகலாம் என்றும் பெயர் சொல்லி எழுதினார்கள். சில வாரம் கழித்து உள்நாட்டு ஆணையமும் ஓர் அறிக்கை தந்தது. குற்றம் முழுக்கத் தூம்பாவுடையது, அதிபருக்குப் பொறுப்பில்லை என்றது அது. ஐ.நா. அறிக்கை மட்டும் முந்திக்கொண்டு வராதிருந்தால், உள்ளூர் அறிக்கைதான் இன்று வரலாறாக நிலைத்திருக்கும்.

ஹேக் நீதிமன்றத்தின் அடிப்படை விதி ஒன்று உண்டு. உள்நாடு நிஜமாகவே விசாரித்தால் அது தலையிடாது. உள்நாடு மாட்டேன் என்றாலோ முடியாது என்றாலோதான் வரும். இந்த விதியை வைத்துக்கொண்டு 13 ஆண்டுகள் ஒரு விளையாட்டு நடந்தது. ஹேக்கிலிருந்து அதிகாரிகள் வருவார்கள். கொனாக்ரியில் கோப்பு ஓர் அங்குலம் நகரும். அவர்கள் விமானம் ஏறியதும் கோப்பு தூங்கும். 2010இல் மூன்று விசாரணை நீதிபதிகளை நியமித்தார்கள்; ஆரம்பத்தில் அவர்களுக்கு எழுதுவதற்குத் தாளும் பாதுகாப்புக்கு ஆளும்கூடச் சரியாகக் கொடுக்கவில்லை. 2012இல் தியெக்போரோ மீது குற்றம் சாட்டப்பட்டது. ஆனால் அதிபர் மாளிகையில் போதைப்பொருள் ஒழிப்புக்குப் பொறுப்பாக இருந்த பதவியில் அவர் அப்படியே நீடித்தார்! மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்த, தானே எதிர்க்கட்சிக்காரராகச் சிறையில் இருந்து வந்த அல்ஃபா கோண்டேயின் ஆட்சியில்தான் இது. 2015இல் தாதிஸ் மீது அவர் தங்கியிருந்த வாகாதூகுவில் வைத்துக் குற்றச்சாட்டு. 2016 டிசம்பரில், ஏழாண்டுகள் தலைமறைவாயிருந்த தூம்பா டாக்காரில் பிடிபட்டார். 2017 கடைசியில் புலனாய்வு முடிந்தது. அதன்பின் வழக்கு அசையவே இல்லை. கோண்டே மூன்றாம் முறை அதிபராகும் வேலையில் மும்முரமாக இருந்தார்.

இந்தக் காலம் முழுதும் கோப்பைத் தட்டி எழுப்பிக்கொண்டிருந்தவர்கள் அவிபா என்ற பாதிக்கப்பட்டோர் சங்கத்தினர். அரங்கத்தில் மகனைப் பறிகொடுத்த ஒரு தாய்தான் அதன் தலைவர். கணவன் கைவிட்டவர்கள், அக்கம்பக்கத்துப் பேச்சுக்கு அஞ்சி வீடு மாறியவர்கள், மருத்துவம் பார்க்க வழியற்றவர்கள் எல்லாம் அங்கே வந்தார்கள். தையலும் சாயமிடலும் கற்றுப் பிழைத்தபடியே வாக்குமூலம் கொடுத்தார்கள். ஆண்டுதோறும் அதே தேதியில் அதே கோரிக்கை. தீர்ப்பைப் பார்க்காமல் இறந்துபோனவர்களும் அவர்களில் உண்டு.

2021 செப்டம்பர் 5இல் கோண்டேயைக் கவிழ்த்தார் கர்னல் மமாடி டும்பூயா. (தூம்பா வேறு, டும்பூயா வேறு, குழப்பிக்கொள்ள வேண்டாம்.) சிவில் அதிபர் பத்தாண்டில் செய்யாததைத் துப்பாக்கியோடு வந்த இவர் ஓராண்டில் செய்தார். 2022 செப்டம்பர் 28க்குள் விசாரணை தொடங்கியாக வேண்டும் என்று கெடு வைத்தார். கலூம் பகுதியில் புது நீதிமன்றக் கட்டடம் எழுந்தது. நீதி மீது அவருக்கு அவ்வளவு தாகமா? அதே 2022 மே மாதம் ஆர்ப்பாட்டங்களை எல்லாம் தடை செய்தவரும் அவர்தான். ஆட்சியைப் பறித்து வந்தவருக்கு உலகத்தின் கண்ணில் ஒரு நல்ல பெயர் தேவைப்பட்டது. ஹேக்குக்கும் பதிமூன்று வருடமாகத் திறந்து கிடந்த கோப்பை மூட ஒரு காரணம் தேவைப்பட்டது. தொடக்க நாளன்று தலைமை வழக்குத்தொடுநர் கரீம் கான் கொனாக்ரிக்கே வந்து, கினி அரசோடு ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, முதற்கட்ட ஆய்வை முடித்துக்கொள்வதாக அறிவித்தார்.

விசாரணை தொலைக்காட்சியில் நேரலையாக ஓடியது. ஒரு காலத்தில் ‘தாதிஸ் ஷோ’ பார்த்த அதே மக்கள் இப்போது நாடு திரும்பிக் கூண்டில் நிற்கும் தாதிஸைப் பார்த்தார்கள். நட்சத்திரம் ஆனவர் என்னவோ தூம்பாதான். நாள்கணக்கில் நின்று, நிதானமாக, நினைவிலிருந்து ஒவ்வொரு மணி நேரத்தையும் அடுக்கினார். பட்டறைகளிலும் டாக்சிகளிலும் செல்போனில் ஓடியது அவர் குரல். கொலைக்குற்றம் சாட்டப்பட்டவரை ஒரு நாடு ரசிக்கத் தொடங்கியதை என்னவென்று சொல்வது? தாதிஸ் டிசம்பரில் பேசினார்: எல்லாம் எனக்கு எதிரான சதி. பிறகு பெண்கள் வந்தார்கள். சிலர் மூடிய அறையில், சிலர் முகம் காட்டி. நாடு முதன்முறையாக அதை அவர்கள் வாயாலேயே கேட்டது.

2023 நவம்பர் 4 விடியலில் ஆயுதக் கும்பல் ஒன்று மத்தியச் சிறையை உடைத்துத் தாதிஸ், தியெக்போரோ, அவர்களோடு குற்றம் சாட்டப்பட்டிருந்த குளோத் பிவி உட்பட நால்வரை வெளியே கொண்டுபோனது. என்னைக் கடத்தினார்கள் என்றார் தாதிஸ்; அன்றைக்கே அவர் மறுபடி உள்ளே. பிவி மட்டும் அடுத்த ஆண்டு லைபீரியாவில் பிடிபடும்வரை அகப்படவில்லை.

2024 ஜூலை 31இல் நீதிபதி இப்ராஹிமா சோரி தூன்காரா தீர்ப்பை வாசித்தார். சாதாரணக் கொலை, வன்புணர்வு என்றிருந்த குற்றச்சாட்டுகள் மானுடத்துக்கு எதிரான குற்றமாக உயர்த்தப்பட்டன. தாதிஸுக்கும் தியெக்போரோவுக்கும் 20 ஆண்டுகள், தூம்பாவுக்கு 10, தலைமறைவாயிருந்த பிவிக்கு ஆயுள். மொத்தம் எட்டுப் பேருக்குத் தண்டனை, நால்வர் விடுதலை. தாதிஸ் மீது நிறுவப்பட்டது தளபதியின் பொறுப்பு: படை உன் கீழ் இருந்தது, தடுக்கவும் தண்டிக்கவும் உன்னால் முடிந்திருக்கும், நீ செய்யவில்லை. 2009இல் வானொலியில் சொன்ன சாக்குக்கான பதில் அதுதான். வன்புணர்வுக்கு ஆளானவர்களுக்கு ஆளுக்கு 150 கோடி கினி பிராங்க் இழப்பீடு என்றும் நீதிமன்றம் சொன்னது.

அந்தத் தீர்ப்புக்கு மூன்று வாரம் முன்புதான், ஜூலை 9 இரவு, டும்பூயாவின் ஆட்சியை எதிர்த்த இயக்கத்தின் தலைவர்களான ஃபோனிக்கே மெங்கே, பில்லோ பா இருவரையும் கொனாக்ரியில் ஒரு வீட்டிலிருந்து ஆயுதம் தாங்கியவர்கள் இழுத்துப் போயிருந்தார்கள். எங்களுக்குத் தெரியாது என்றது அரசு.

2025 மார்ச் 26இல் இழப்பீட்டை அரசே கொடுக்கும் என்று ஆணை வந்தது. அவிபா பெண்கள் அன்று அழுதிருப்பார்கள், மகிழ்ச்சியில். மார்ச் 28 இரவு அரசுத் தொலைக்காட்சியில் இன்னொரு ஆணையை வாசித்தார்கள். உடல்நிலையைக் கருதி மூசா தாதிஸ் கமாராவுக்கு அதிபரின் மன்னிப்பு. கையெழுத்து டும்பூயாவுடையது. மேல்முறையீட்டு விசாரணைகூட அப்போது நடந்திருக்கவில்லை. 13 ஆண்டுக் காத்திருப்பு, இரண்டாண்டு விசாரணை, தீர்ப்புக்குப் பின் எட்டு மாதச் சிறைவாசம். ஐ.நா.வின் மனித உரிமை வல்லுநர்கள் கண்டித்தார்கள். ஹேக்கின் கோப்பு அதற்குள் மூடப்பட்டிருந்தது.

உடல் கிடைக்காத அந்த 40 பேரை எங்கே புதைத்தார்கள் என்ற கேள்வியோடு அவர்களின் குடும்பங்கள் ஒவ்வொரு நாளும் நீதிமன்றத்தில் வந்து உட்கார்ந்திருந்தன. கூண்டில் ஏறிய பன்னிரண்டு பேரின் வாக்குமூலங்களுக்குப் பிறகும் அந்த உடல்கள் கிடைக்கவில்லை.

(தொடரும்)